மறு: ‘ஸ்டேஷனர்’ என்பதற்குத் தமிழ் – ‘நூல்வினைஞர்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அக்கா கேட்டது நேரான கேள்வி. 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புத்தகத் தொழிலில் இருந்த பெண்களைப் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதுகிறார். ‘ஸ்டேஷனர்’ என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. அதற்குத் தமிழில் என்ன போடுவது? மடல்கள் பல திசையில் போய்விட்டதால் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறேன்.

> ‘எழுதுபொருள் வணிகர்’ என்றே போடலாமே ஐயா. அகராதியில் அப்படித்தானே இருக்கிறது.

அது இன்றைய பொருள். நோட்டும் பேனாவும் விற்கிற கடைக்கு அது சரி. ஆனால் இந்தச் சொல் முதலில் குறித்தது, தலைச்சுமையாக ஊர் ஊராகப் போய் விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்து புத்தகம் விற்றவரை. பிறகு புத்தகத்தோடு தொடர்புள்ள எல்லாத் தொழிலுக்கும் பொதுப்பெயராக விரிந்தது. 1557இல் அரசி மேரியின் காலத்தில் பட்டயம் பெற்ற லண்டன் ஸ்டேஷனர் குழுவில் அச்சகம் வைத்திருந்தவர், பணம் போட்டு நூலை வெளியிட்டவர், கடையில் விற்றவர், நூலைத் தைத்து அட்டை கட்டியவர் (பைண்டிங் செய்தவர்) எல்லாரும் இருந்தார்கள். ஒருவரே இரண்டு மூன்று வேலை பார்ப்பதும் வழக்கம். அவர்களை எழுதுபொருள் வணிகர் என்று எழுதினால், படிப்பவர் மைக்கூடு விற்ற கடைக்காரரைத்தான் நினைப்பார்.

> ‘பதிப்பாளர்’ போதும். எதற்குப் புதுச்சொல்?

இதைச் சொன்னவர் என்னைவிட மூத்தவர், தொழில் அறிந்தவர். ஆனாலும் ஒப்ப முடியவில்லை. தமிழில் ‘பதிப்பு’ ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு நூலைச் செப்பம் செய்தவரும் பதிப்பித்தவர்தான். பணம் போட்டு வெளியிட்டவரும் பதிப்பாளர்தான். நம் பழைய புத்தகங்களின் முகப்பில் ‘இன்னாரால் பார்வையிடப்பட்டு இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது’ என்றிருக்கும். அங்கே ‘பதிப்பித்தல்’ அச்சடித்ததையும் சேர்த்துக்கொள்கிறது.

ஆங்கில நூல்களில் முகப்பின் அடியில் அச்சு விவரம் சொல்லும் வரியான அச்சுக்குறிப்பு (இந்தச் சொல்லை முன்பே ஏற்றுக்கொண்டோம், அதை மறுபடி கிளற வேண்டாம்) பல இடங்களில் இவற்றைப் பிரித்துச் சொல்கிறது: யார் அச்சடித்தது, யாருக்காக அச்சடித்தது, எந்தக் கடையில் கிடைக்கும். ஜான் லிலியின் ‘எண்டிமியன்’ நாடகம் 1591இல் வந்தது. முகப்பின் அடியில், ஜே. சார்ல்வுட் அச்சிட்டது, ‘விதவை புரூமுக்காக’ என்று இருக்கிறது. அச்சு எந்திரம் சார்ல்வுட்டினுடையது. வெளியிட்டவர் ஜோன் புரூம். அவர் ஓர் எழுத்தும் கோக்கவில்லை; ஆனால் அந்த நாடகம் நமக்கு அச்சில் கிடைத்ததற்கு அவரும் காரணம். ‘அச்சாளர்’ என்று பெயர் வைத்தால் இவர் வெளியே நிற்பார். ‘பதிப்பாளர்’ என்று வைத்தால் அச்சடித்த பெண்கள் வெளியே நிற்பார்கள். இரண்டு பேரையும் உள்ளே வைக்கிற ஒரு பொதுச்சொல்தான் நமக்கு வேண்டும்.

> இவர்கள் எல்லாருமே கணவர் இறந்தபின் தொழிலை ஏற்றவர்கள். ‘கைம்பெண் அச்சாளர்’ என்று தனிக் கலைச்சொல்லே படைத்துவிடலாம்.

இதைத்தான் நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். சொன்னவரின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் இந்தச் சொல் நுழைந்துவிட்டால் கட்டுரையின் அடித்தளமே சாய்ந்துவிடும்.

அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்து கிடையாது; தொழிலும் கடனும் வழக்கும் கணவன் பெயரில்தான். கணவன் இறந்த பிறகுதான் அவள் சட்டத்தின் கண்ணில் தனியாள். குழு உறுப்பினரின் மனைவி என்ற முறையில் அச்சகத்தையும், கணவன் பதிவு செய்து வைத்திருந்த நூல்களின் உரிமையையும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். குழுவுக்கு வெளியே ஒருவரை மறுமணம் செய்தால் பொதுவாக அந்த உரிமை போய்விடும். ஆக, ‘விதவை’ என்று அச்சில் வருவது அவர் தொழிலுக்கு வந்த நாளைக் காட்டவில்லை. அவர் பெயரைப் போடச் சட்டம் இடம் கொடுத்த நாளைத்தான் காட்டுகிறது.

வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்த காலம் அது. கீழே எந்திரமும் கடையும், மேலே குடும்பம். தொழில் பழகும் பையன்களுக்கும் அங்கேதான் சோறும் படுக்கையும். அந்த வீட்டு மனைவிக்குக் காகிதக் கணக்கும் கூலிக் கணக்கும் தெரியாமல் இருந்திருக்குமா? ஜாக்குலின் வோட்ரோலியரைப் பாருங்கள். பிரான்சிலிருந்து வந்து குடியேறிய சீர்திருத்தச் சபைக் குடும்பம். கணவர் தாமஸ் 1580களில் எடின்பரோவில் தொழில் நடத்தப் போனபோது லண்டன் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டவர் இவர். கணவர் 1587இல் இறந்தார்; மறு ஆண்டு இவர் பெயரிட்ட நூல்கள் வருகின்றன. அதன்பின் அதே அச்சகத்தில் தொழில் பழகிய ரிச்சர்டு ஃபீல்டை மணந்தார். அதோடு அச்சுக்குறிப்பில் ஃபீல்டு பெயர்தான். 1593இல் ஷேக்ஸ்பியரின் ‘வீனஸும் அடோனிஸும்’ அச்சானது இந்த அச்சகத்தில்தான். தொழில் நடந்துகொண்டே இருந்தது. இவர் பெயர் மட்டும் இரண்டு திருமணங்களுக்கு நடுவில் கொஞ்ச காலம் தலைகாட்டிவிட்டு மறைந்தது. ‘கைம்பெண் அச்சாளர்’ என்ற சொல்லால் அந்த இடைவெளியை மட்டும்தான் குறிக்க முடியும்.

சொந்தப் பெயரில் அச்சிட்டதாக நமக்குத் தெரிந்த முதல் ஆங்கிலப் பெண் எலிசபெத் பிக்கரிங். கணவர் ராபர்ட் ரெட்மன் 1540இல் இறந்தார். லண்டன் ஃப்ளீட் தெருவில், ஜார்ஜ் சின்னம் போட்ட கடை. 1540–41இல் இவர் அச்சிட்டவற்றில் சட்டநூல்களும் உண்டு. நூலின் கடைசியில் வரும் முடிவுக்குறிப்பில் ஓரிடத்தில் ‘ராபர்ட் ரெட்மனின் முன்னாள் மனைவி’ என்ற தொடரோடு பிக்கரிங் என்ற தம் பிறந்த வீட்டுப் பெயரையும் போட்டுக்கொண்டார். உரிமைக்கு ஆதாரம் காட்ட ஒரு பெயர், தமக்கென்று ஒரு பெயர். அவரே இரண்டையும் போட்டிருக்கும்போது நாம் ஒன்றை மட்டும் எடுத்துக் கலைச்சொல்லாக்குவது நியாயமில்லை.

இனி டேசி சோல். இவருக்கு ‘கைம்பெண்’ துளிகூடப் பொருந்தாது, இவர் மகள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் நூல்களை அச்சிட்டுவந்த ஆண்ட்ரு சோலின் பெண், 1666இல் பிறந்தவர். 1691 வாக்கில் தந்தையிடமிருந்து அச்சகத்தைக் கையேற்றார். 1695இல் தந்தை வழியுரிமையாகக் குழுவில் முழு உறுப்பினரானார். புத்தக வணிகர் ஜான் டன்டன் 1705இல் வெளியிட்ட தம் வாழ்க்கைக் கதையில், இவர் அச்சாளரும் புத்தக வணிகரும் ஆனவர், தாமே நன்றாக அச்சுக் கோக்கத் தெரிந்தவர் என்று பாராட்டியிருக்கிறார். அதாவது எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஈய எழுத்தை ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பொறுக்கி வரி சேர்க்கிற வேலை தெரிந்தவர்.

இவருடைய முகப்புப் பக்கத்தின் அடியைக் கவனியுங்கள். ‘டி. சோல் அச்சிட்டு விற்பது, கிரேஷியஸ் தெரு, ஒயிட் ஹார்ட் கோர்ட்’. வெறும் ‘டி.’ தான். விவரம் தெரியாதவர் தாமஸ் என்று விரித்துவிடுவார். 1706இல் தாமஸ் ரெய்ல்ட்டனை மணந்தார். கணவர் அச்சுத்தொழில் பழகியவர் அல்லர். அந்த ஆண்டிலிருந்து அச்சுக்குறிப்பு ‘ஜே. சோல்’ என்று மாறுகிறது. ஜே. என்பது ஜேன், டேசியின் தாய். 1711இல் தாய் இறந்தபிறகு ‘ஜே. சோலின் உரிமை பெற்றவர்கள்’ என்று போட்டார்கள். அப்படியே நெடுங்காலம் வந்தது. அச்சகத்தை நடத்தியவர் டேசிதான். அவர் பெயர் மட்டும் இல்லை. கலைக்களஞ்சியத்தில் பெயரை வைத்து ஆள் கணக்கெடுத்தால், இவர் 1706இல் தொழிலை விட்டுவிட்டதாகத்தான் தோன்றும்.

முதலெழுத்துச் சிக்கல் இவரோடு முடியவில்லை. எட்வர்ட் ஆல்டியும் ‘ஈ. ஆல்டி’, அவருக்குப் பின் அச்சகத்தை நடத்திய மனைவி எலிசபெத்தும் ‘ஈ. ஆல்டி’. ஆண்டைப் பார்க்காமல் விரிக்கக் கூடாது.

எனவே என் முன்மொழிவு ‘நூல்வினைஞர்’. நூல் தொடர்பான வினை எதுவானாலும் அதைச் செய்தவர். அச்சு, வெளியீடு, விற்பனை, நூல்கட்டு எல்லாம் அடங்கும். ஆணா பெண்ணா, கணவர் இருக்கிறாரா இல்லையா என்பது சொல்லுக்குள் வரவில்லை. ‘வினைஞர்’ நாம் புதிதாகச் செய்ததும் அல்ல. மணிமேகலையில் மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் வந்து தண்டமிழ் வினைஞரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். இன்றும் கைவினைஞர் என்கிறோம். கைத்திறனும் தொழில் மதிப்பும் சேர்ந்த சொல்.

> திருப்பூர்க்காரன் சொல்கிறேன். இங்கே ‘நூல்’ என்றால் பஞ்சு நூல்தான். நூல்வினைஞர் என்றால் மில்லில் வேலை பார்ப்பவர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நியாயமான மறுப்பு, அண்ணே. ஆனால் நூலகம் என்றால் உங்கள் ஊரிலும் யாரும் நூல் கிடங்கைத் தேடிப் போவதில்லை. நூலாசிரியர், நூலகர், நூல்வெளியீடு எல்லாம் புழங்கிக்கொண்டுதானே இருக்கின்றன? கட்டுரையில் புத்தகத்துக்கு நடுவில் வரும்போது குழப்பம் வராது. ‘புத்தகவினைஞர்’ என்றும் எழுதிப் பார்த்தேன். பொருள் சரிதான், ஆனால் கூட்டுச்சொல் செய்யும்போது நீள்கிறது. ‘நூல்வினைஞர் குழு’, ‘நூல்வினைஞர் பதிவேடு’ ஆகியவை வாயில் நன்றாக வருகின்றன. குழு என்பதைச் சங்கம் ஆக்க வேண்டாம். தொழிற்சங்கம் என்ற எண்ணம் வந்துவிடும். நம் வரலாற்று நூல்களில் வணிகக் குழு என்பதுதான் பழகிய சொல்.

> அப்படியானால் எழுதிய பெண்களையும் இதில் சேர்ப்பீர்களா?

சேர்க்க வேண்டாம். அவர்கள் நூலாசிரியர், மொழிபெயர்ப்பாளர். ஆனால் கட்டுரையில் இரண்டு பிரிவையும் சுவர் வைத்துப் பிரித்துவிடாதீர்கள், அக்கா. மார்கரெட் ரோப்பர் எராஸ்மஸின் நூலொன்றை ஆங்கிலமாக்கினார். 1524இல் அது வந்தபோது முகப்பில் அவர் பெயர் இல்லை. பத்தொன்பது வயதுடைய, நற்குணமும் நல்ல கல்வியும் வாய்ந்த பெண் ஒருத்தி மொழிபெயர்த்தது என்று மட்டும் இருந்தது. இசபெல்லா விட்னி 1573இல் வெளியிட்ட கவிதை நூலில் லண்டன் நகரத்துக்கு ஓர் உயில் எழுதிவைக்கிறார்; அதில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துப் பக்கத்துப் புத்தகக் கட்டுநர்களுக்கும் ஒரு வரி உண்டு, தம் அச்சாளருக்கும் ஒரு பங்கு உண்டு. எழுதுகிற பெண்ணுக்குப் பட்டறையைத் தெரிந்திருக்கிறது.

எலினார் ஜேம்ஸை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? அச்சாளர் தாமஸ் ஜேம்ஸின் மனைவி. மன்னர்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் லண்டன் நகரத்தாருக்கும் அறிவுரை சொல்லித் தாமே எழுதி, ‘திருமதி ஜேம்ஸ்’ என்று தலைப்பிலேயே பெயர் போட்டு, ஒற்றைத்தாள் வெளியீடுகளாக 1680களிலிருந்து வெளியிட்டுக்கொண்டே இருந்தார். அதற்காக நியூகேட் சிறைக்கும் போனார். இந்தத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவள் நான் என்று அச்சாளர்களுக்கு எழுதிய அறிவுரையில் சொல்கிறார். கணவர் உயிரோடு இருந்த ஆண்டுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. இவர் நூலாசிரியர், நூல்வினைஞர் இரண்டும்தான். இரண்டு சொல்லையும் அடுத்தடுத்துப் போட்டுவிடுங்கள்.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் தரும் பதிவு இது:

நூல்வினைஞர் – (ஆங்கில நூல் வரலாற்றில்) அச்சு, வெளியீடு, விற்பனை, நூல்கட்டு ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ தொழிலாகச் செய்தவர். லண்டன் குழுவின் உறுப்பினர். குறிப்பிட்ட வேலை தெரியுமிடத்தில் அச்சாளர், வெளியீட்டாளர், நூல்வணிகர், கட்டுநர் என்றே எழுதுக. ‘விதவை’ என்று அச்சுக்குறிப்பிலேயே இருந்தால் மேற்கோள் குறிக்குள் அப்படியே தருக. நம் வாக்கியத்தில் அதை அடைமொழியாக்க வேண்டாம். முதலெழுத்து மட்டும் இருந்தால் ஆள் உறுதியாகும்வரை விரிக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. செய்தித்தாளையும் துண்டுநூல்களையும் மொத்தமாக வாங்கித் தெருவில் விற்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த பெண்களை ‘மெர்க்குரி’ என்றார்கள். லண்டனில் டெம்பிள் பார் என்ற நகர வாயிலின் பக்கத்தில் கடை வைத்திருந்த ஆன் டாட் அப்படிப்பட்டவர். 1728இல் வந்த, கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் ‘டன்சியட்’ என்ற கிண்டல் கவிதையின் முகப்பில் இருக்கும் பெயர் அவருடையது. ‘முகவர்’ என்றால் கமிஷனுக்கு விற்பவர் போலிருக்கிறது, ‘விநியோகஸ்தர்’ என்றால் சினிமாக்காரர் போலிருக்கிறது. பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள், ஏஜென்சி வைத்து நடத்திய குடும்பத்தார் யாராவது குழுவில் இருந்தால், உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொல்லை எழுதுங்கள். அது வந்தால் அக்கா கட்டுரையை முடித்துவிடலாம்.