மூணு நாள் கல்யாண போட்டோ, வீடியோ ஆர்டர்: ரேட் எப்படிப் போடுறது?

திருச்சி ஃபிரேம்ஸ்:
அண்ணன்மாருக்கு வணக்கம். காரைக்குடியில ஒரு கல்யாணம். புதன் சாயங்காலம் பொண்ணு வீட்டுல நலங்கு, வியாழன் மாப்பிள்ளை அழைப்பும் ரிசப்ஷனும், வெள்ளி காலைல 6 மணிக்கு முகூர்த்தம். கேண்டிட் (போஸ் குடுக்காம இயல்பா எடுக்குற போட்டோ), டிரெடிஷனல் போட்டோ, டிரெடிஷனல் வீடியோ (சடங்கை வரிசையா எடுக்குறது), சினிமாட்டிக் (சினிமா மாதிரி எடுத்து வெட்டித் தர்ற வீடியோ), 40 ஷீட் ஆல்பம் ரெண்டு, எல்லாம் கேக்குறாங்க. நாளுக்கு 40,000 வச்சு 1,20,000 சொன்னேன். "மூணு நாளும் உங்களுக்கே தர்றோம், மொத்தமா 80 ஆயிரத்துக்கு முடிங்க"ங்கிறாங்க. எவ்வளவு வரை இறங்கலாம்?

பழைய ரீல்:
தம்பி, இறங்குறதை அப்புறம் பாக்கலாம், 1,20,000-மே தப்புக் கணக்கு. நாளால பெருக்காதீங்க. ஆள் கூலி ஈவென்ட்டுக்கு, வண்டியும் ரூமும் பயணத்துக்கு, எடிட்டிங்கும் ஆல்பமும் மொத்த வேலைக்கு. மூணையும் தனித்தனியா எழுதணும்.

உதாரணத்துக்கு ஒரு ஈவென்ட்டுக்கு கேண்டிட் 8,000, டிரெடிஷனல் போட்டோ 4,000, வீடியோ 5,000, சினிமாட்டிக் 9,000, லைட் பையன் 1,200னு வச்சுக்கங்க. உங்க ஊர்க் கூலி வேறன்னா அதைப் போடுங்க. நலங்குக்கு கேண்டிட்டும் வீடியோவும் போதும், 13,000. ரிசப்ஷனுக்கு முழு டீம் 27,200, முகூர்த்தத்துக்கும் அதே. ஆள் கூலி மட்டும் 67,400.

வண்டி, டிரைவர் 9,000. ரெண்டு ரூம் ரெண்டு ராத்திரி 6,000. ஹார்ட் டிஸ்க் செலவுல இந்த ஆர்டரோட பங்கு 4,000. கேண்டிட்ல 400 படம் கலர் பண்ண, படத்துக்கு 25 வச்சா 10,000. டிரெடிஷனல் வீடியோ எடிட் 6,000, சினிமாட்டிக் 12,000, ஆல்பம் ரெண்டு 24,000.

கூட்டினா 1,38,400. நீங்க சொன்ன ரேட்டுக்கே கையில இருந்து 18,400 போகும். இதுல உங்க கேமரா தேய்மானமோ உங்க சம்பளமோ இன்னும் சேரவே இல்ல.

இங்கதான் பல பேர் சறுக்குறாங்க. 25% லாபம்னு 1,38,400 மேல கால் பங்கு கூட்டினா 1,73,000 வரும். வாங்குற பணத்துல அது 20% தான். வாங்குறதுல 25% நிக்கணும்னா செலவை 0.75-ஆல வகுக்கணும்: 1,84,533. ரவுண்டா 1,85,000 சொல்லுங்க.

முகூர்த்த ஷட்டர்:
அண்ணன் கணக்கு சரி. ரெண்டு விஷயம் சேத்துக்கங்க.

வெள்ளி முகூர்த்த நாள்னா அன்னைக்கு வேற ஆர்டர் எடுக்க முடியாது. வியாழனும் முகூர்த்தமா இருந்தா காலைல ஒரு கல்யாணம் போச்சு. ஆவணியிலயும் தையிலயும் இதுதான் பெரிய நட்டம், கொட்டேஷன்ல யாரும் எழுதுறதில்ல. காலண்டரைப் பாத்துட்டு ரேட் சொல்லுங்க. மூணு நாள் டிஸ்கவுண்ட்டெல்லாம் ஆடி, மார்கழியில வர்ற பிறந்தநாள் ஆர்டருக்கு வச்சுக்கலாம்.

அடுத்து ராத்திரி. ரிசப்ஷன் 11 மணிக்கு முடியும், காலைல 4 மணிக்கு பொண்ணு அலங்காரம். நடுவுல கேமரா மெமரி கார்டை ஹார்ட் டிஸ்க்ல காப்பி போட்டுக் காலி பண்ணணும். 100 எம்பிபிஎஸ்ல (வினாடிக்கு 100 மெகாபிட்) 4கே வீடியோ எடுத்தா மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு மூணு மணி நேரம்கூட தாங்காது. ரெண்டு வீடியோ கேமரா ஆளுக்கு 12 மணி நேரம் ஓடினா ஒரு டிபி-க்கு (1,000 ஜிபி) மேல, ரெண்டு காப்பின்னா ரெண்டு டிபி-க்கு மேல. காப்பி போட ஒரு ஆள் ராத்திரி முழிச்சிருக்கணும், அவருக்கும் கூலி உண்டு. தூக்கக் கலக்கத்துல காப்பி ஆகாத கார்டை ஃபார்மட் பண்றது அந்த நேரத்துலதான் நடக்கும். காப்பி ஆன கார்டை டப்பாவுல கவுத்து வைங்க, ஃபார்மட் காலைல பாத்துக்கலாம்.

மண்டபத்துக்குள்ளயே ரூம் கேட்டு வாங்குங்க. லாட்ஜ் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தா முக்கால் மணி நேரத் தூக்கம் போயிரும்.

திருச்சி ஃபிரேம்ஸ்:
நன்றிண்ணே. 1,85,000ன்னு சொன்னா ஓடிருவாங்களே? ரிசப்ஷன் செலவு மாப்பிள்ளை வீடாம், மத்தது பொண்ணு வீடாம்.

மலைக்கோட்டை ஃபிளாஷ்:
அப்போ ரெண்டு கொட்டேஷன் போடுங்க. ஒரே தாள்ல போட்டா கடைசில பாக்கியை ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளுவாங்க. வண்டி, ரூம் ரெண்டுலயும் பாதி பாதி. ஆல்பம் அவங்கவங்க கணக்குல.

குறைக்கச் சொன்னா வேலையைக் குறைங்க, ரேட்டை இல்ல. சினிமாட்டிக்கை எடுத்தா ரெண்டு ஈவென்ட் கூலி 18,000, எடிட் 12,000, ஒரு ஆல்பத்தை விட்டா இன்னொரு 12,000. மொத்தம் 42,000 குறையும். செலவு 96,400, 0.75-ஆல வகுத்தா ஏறக்குறைய 1,28,500. 80-க்கு எப்படியும் வராது. அதை முதல்லயே சொல்லிட்டா ரெண்டு பக்கமும் நேரம் மிச்சம்.

பணம்: தேதி பிளாக் பண்ண 30%, நலங்கு அன்னைக்கு 40%, ரிசப்ஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 20%. தாலி கட்டின பிறகு மண்டபத்துல நின்னு யார்கிட்டயும் கேக்க முடியாது. ஆல்பத்துக்கு 10% மட்டும் நிக்கட்டும். போட்டோ செலக்ஷன் 45 நாளைக்குள்ள வரணும், தாண்டினா ஆல்பம் பிரிண்ட் போடுற லேப்போட அன்னைய ரேட்னு எழுதுங்க. இல்லன்னா முதல் குழந்தை காதுகுத்துக்குத்தான் ஆல்பம் போகும்.

வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா 18% ஜிஎஸ்டி. 1,85,000 ரேட்ல 11 கல்யாணமே தாண்டிரும், அதனால "ஜிஎஸ்டி தனி"ன்னு ஒரு வரி இருக்கட்டும்.

மறுவீடு பத்தி இப்பவே கேட்டுக்கங்க. வெள்ளி மத்தியானம் "அப்படியே ஒரு ரெண்டு மணி நேரம்"னு ஆரம்பிப்பாங்க. மதியம் 2 மணிக்கு மேல மணிக்கு எவ்வளவுன்னு தாள்ல இருந்தா சங்கடம் இல்ல.