அரங்கேற்ற அழைப்பில் மிருதங்க எமோஜி போட்டேன், சிலருக்கு வெறும் கட்டமாகத் தெரிகிறது

தஞ்சாவூர்க்காரி:
மகனுக்கு அடுத்த மாதம் மிருதங்க அரங்கேற்றம். வாட்ஸ்அப்பில் அழைப்பு எழுதி, அவன் பெயருக்குப் பக்கத்தில் 🪘 போட்டேன். என் ஃபோனில் அழகாக இருக்கிறது. மாமனார் ஃபோனில் வெறும் கட்டம். "பேரன் பெயருக்குப் பக்கத்துல என்னம்மா பெட்டி?" என்று கேட்கிறார். குருவுக்கு அனுப்புவதற்குள் சரிசெய்ய வேண்டும். அப்புறம், இது மிருதங்கம்தானே?

கணினிப்பித்தன்:
அக்கா, எமோஜி படமாகப் போவதில்லை, அதற்குரிய எண் மட்டும்தான் போகிறது. வாங்கும் ஃபோனில் அந்த எண்ணுக்குப் படம் இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் கட்டம். எமோஜிகளுக்கு எண் கொடுக்கும் தரநிலை யூனிகோடு; 🪘 அதன் 13.0 பதிப்பில் 2020-ல் வந்தது. ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14.2 முதல் உண்டு. மாமனாருடையது அதைவிடப் பழையதாக இருக்கும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் எமோஜிப் படங்களைத் தானே வைத்திருக்கிறது, அதனால் ஃபோனை மாற்ற வேண்டாம், வாட்ஸ்அப்பை மட்டும் அப்டேட் செய்து பாருங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு இது உதவாது.

தஞ்சாவூர்க்காரி:
வந்துவிட்டது தம்பி! ரொம்ப நன்றி.

தொப்பியும்வலந்தலையும்:
குருவுக்கு அனுப்புமுன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் அக்கா. நேராக நிற்கிறது, தட்டுவதற்கு மேலே ஒரே முகம், கீழ்ப்பக்கம் ஒடுங்கிப் போகிறது. யூனிகோடு வைத்த பெயர் 'நீண்ட மேளம்' என்று பொதுவானதுதான். ஆனால் ஆப்பிளும் கூகுளும் வரைந்திருப்பது மேற்கு ஆப்பிரிக்க ஜெம்பே சாயலில்.

நம் வாத்தியம் படுத்துக் கிடப்பது, இரண்டு முகம். வலது முகமான வலந்தலையில் சோறு என்கிற கறுப்பு வட்டப் பூச்சு, இடது முகமான தொப்பியில் கச்சேரிக்கு முன்னால் அப்புகிற ரவை. அதெல்லாம் அங்கே ஏது? 2016-ல் வந்த 🥁 இன்னும் தூரம், அதில் குச்சி வேறு. மிருதங்கம், வீணை, நாகஸ்வரம் எதற்கும் தனி எமோஜி கிடையாது.

நண்பர்களோடு பேசும்போது 🪘 போடலாம், புரிந்துகொள்வார்கள். நானும் போடுகிறேன். அரங்கேற்ற அழைப்பு வேறு. வருஷக்கணக்காக அந்த வாத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவர் கையில் போகிறது. பையனின் மிருதங்கத்தையே ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

கணினிப்பித்தன்:
இதுதான் சரி. படமாக அனுப்பினால் எந்த ஃபோனிலும் கட்டம் வராது. எழுத்துக்கு நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் 🎶 வையுங்கள், 2010-லேயே வந்தது, பழைய ஃபோனிலும் தெரியும்.

தஞ்சாவூர்க்காரி:
பெரிதாக்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான். இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. ஜன்னலோரம் வைத்து வலந்தலைப் பக்கமாகப் படம் எடுத்தோம். மகன் விரல் பட்டுப் பட்டுச் சோற்றில் தேய்ந்த இடம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. அவன் பெயருக்குப் பக்கத்தில் 🎶 மட்டும். மாமனாருக்கும் தெரிகிறதாம். இப்போதுதான் குருவுக்கு அனுப்பினேன்.