புதுப்பிப்பு: கும்பகோணத்திலிருந்து மெல்போர்னுக்குப் போன கலவைச் சரக்கு

பித்தளை விளக்கு, காபி ஃபில்டர், தலையாட்டி பொம்மை, பட்டு, சுவாமிமலைச் சிலை எல்லாவற்றையும் ஒன்றாகக் கப்பலில் அக்கா கடைக்கு அனுப்ப முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முழு கன்டெய்னர் தேவைப்படவில்லை. எல்சிஎல்-லில், பிறர் சரக்கோடு சேர்த்துத்தான் போனது. வாடகைக் கணக்கு: சரக்கு எத்தனை கன மீட்டர் இடம் பிடிக்கிறது, எத்தனை 1000 கிலோ எடை இருக்கிறது என்று பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பித்தளையை விட, காற்றாய் இருக்கும் பொம்மைப் பெட்டிகள்தான் இடத்தை விழுங்கின. பொம்மைகளை அடுக்குவதில் கவனம் வையுங்கள்.

முக்கியமானது இதுதான். நம் பாத்திரக் கடைகளில் விளக்குக்கு வைக்கோல் சுற்றித்தான் கட்டித் தருவார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் கூடவே கூடாது. கடைக்காரரிடம் முன்பே சொல்லி அட்டை, பபிள் ரேப் மட்டும் போடச் சொன்னேன். மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 (மரப் பெட்டிகள் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை இருக்கணும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற அங்கீகரிக்கப்பட்ட முறையில் பூச்சி நீக்கியதற்கு அதுதான் அடையாளம்.

கலவைச் சரக்கு என்றால் பேக்கிங் லிஸ்டில் 'வீட்டுப் பொருட்கள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எச்எஸ் எண் (சுங்கத்துறை பொருட்களை வகைப்படுத்தும் எண்) உண்டு: பித்தளைச் சமையல் பாத்திரம் 7418, பட்டுத் துணி 5007. எந்தப் பெட்டியில் எது என்றும் குறிக்கணும்.

சிலை புதிதாக வார்த்ததே ஆனாலும், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் (மத்திய அரசின் துறை) சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்குக் கட்டும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், தாமதமானால் மொத்தச் சரக்கும் அதற்காகக் காத்துக் கிடக்கும்.