துள்ளல் நீக்கமா, துள்ளல் மறிப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

> 'துள்ளல் நீக்கம்' எளிதாகப் புரிகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

'டிபவுன்ஸ்' (debounce), அதாவது சுவிட்சின் துள்ளல் கணினிக்குப் போகாமல் தடுப்பதற்கு, தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் வந்த கேள்வி இது. புரிகிறது, உண்மைதான். ஆனால் பழுதுபார்ப்பவரை அந்தச் சொல் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சுவிட்சைத் தட்டியதும் உள்ளிருக்கும் உலோக நாக்கு தொடுமுனையில் மோதி, சில மில்லிநொடிகள் துள்ளிவிட்டுத்தான் படியும். 1975இல் வந்த ஆல்டெய்ர் 8800 கணினியின் செயலி 2 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. துள்ளல் 5 மில்லிநொடி நீடித்தால் அதற்குள் 10,000 கடிகாரத் துடிப்புகள் போய்விடும். விரல் தட்டியது ஒருமுறை, கணினிக்குக் கேட்பது பலமுறை. அதன் முன்பலகையில் அடுத்த நினைவக முகவரிக்குப் போக உதவும் 'எக்ஸாமின் நெக்ஸ்ட்' சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினால் முகவரி இரண்டு மூன்று தாவுவது இப்படித்தான்.

இதைத் தவிர்க்கச் சுவிட்சுக்கும் செயலிக்கும் இடையில் வைக்கும் சுற்று எந்தத் துள்ளலையும் நீக்குவதில்லை. நாக்கு தன்பாட்டுக்குத் துள்ளும். அது செயலியை எட்டாமல் சுற்று வழிமறிக்கிறது, அவ்வளவே. இரண்டு நேண்ட் கேட்டுகளை (தருக்கச் சுற்றுகளை) குறுக்காகப் பின்னிய லாட்ச், அதாவது நிலையைப் பிடித்துவைக்கும் சுற்று, முதல் தொடுதலிலேயே நிலைமாறிவிட்டுப் பிந்தையவற்றைக் கண்டுகொள்ளாது. தடையும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று, மின்னழுத்தம் மெல்ல ஏறும்படி செய்து துள்ளலை விழுங்கிவிடும்.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய முன்பலகையில் முகவரி தாவியது. அலைகாட்டியை (ஆசிலாஸ்கோப்) சுவிட்சின் முனையில் வைத்தேன். துள்ளல் தெளிவாகத் தெரிந்தது. நீங்கியிருக்க வேண்டியது நீங்கவில்லை, சுவிட்சுதான் போச்சு என்று முடிவுகட்டிப் புதியதைப் பற்றவைத்தேன். அப்போதும் தாவியது. புதிய சுவிட்சும் துள்ளத்தானே செய்யும்! சுற்றின் வெளியீட்டையும் கூடவே பார்த்தபோதுதான் அங்கும் துள்ளல் அப்படியே வருவது தெரிந்தது. மின்தேக்கி கொள்திறன் இழந்திருந்தது. அதை மாற்றியதும் தாவல் நின்றது.

ஆகவே 'துள்ளல்' சுவிட்சுக்கு, 'துள்ளல் மறிப்பு' சுற்றுக்கு. பழுதுக் குறிப்பில் "துள்ளல் இயல்பு, மறிப்பு இல்லை" என்று எழுதினால் எங்கே கைவைப்பது என்று அடுத்தவருக்கு உடனே விளங்கும். லாட்ச் வகையில் ஒருபக்கத் தொடுமுனையில் ஆக்சைடு படிந்து தொடாமலே போனால் முகவரி தாவாது, சுவிட்சு செத்ததுபோல் கிடக்கும். அதை "மறிப்பு சரி, தொடுகை இல்லை" எனலாம்.

மற்ற பரிந்துரைகளில் 'துடிப்பு' பல்ஸுக்கு ஏற்கெனவே போய்விட்டது. 'துள்ளல் தடை' என்றால் மின்தடையோடு குழம்பும். 'மறி' வினையாகவும் வளையும்: மறிக்கும், மறிக்காத, மறித்த. பத்து மில்லிநொடி பொறுத்து விசையை மீண்டும் படிக்கும் மென்பொருளுக்கும் அது பொருந்தும்.

'ஆளித் துள்ளல்' என்ற இலங்கை நண்பரின் பரிந்துரை அழகானது; அங்கே பாடநூல்களில் சுவிட்சு 'ஆளி'தான். ஆனால் துள்ளுவது ஆளி முழுவதும் அல்லவே. முழுப்பெயர் வேண்டுமிடத்தில் 'தொடுமுனைத் துள்ளல்' என்பதற்கே என் ஓட்டு.