புவெப்லாவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஊர்க்குருவி:
மெக்சிகோ சிட்டியில் தங்கியிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைப் புவெப்லாவுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். காலையில் பஸ் பிடித்து இரவே திரும்ப வேண்டும். அப்பாவுக்கு மூட்டுவலி, அதிகம் படியேற முடியாது. அம்மா சுத்த சைவம். கதீட்ரல், பழைய நூலகம், தங்க வேலைப்பாடு உள்ள சிற்றாலயம், கோட்டைகள், சோலூலா பிரமிடு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒரே நாளில் முடியுமா?

பழையதெரு:
சோலூலாவை விட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான், கன அளவில் உலகிலேயே பெரிய பிரமிடு அது. ஆனால் பார்ப்பதற்கு மரம் மூடிய ஒரு குன்று மாதிரிதான் இருக்கும், உச்சியில் ஒரு தேவாலயம். மேலே ஏறி நின்று போபோகாதேபெத்ல் எரிமலையைப் பார்த்தால்தான் போனதற்கு நிறைவு. அந்த ஏற்றம் உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். 1862 மே 5 அன்று பிரெஞ்சுப் படையை மெக்சிகோ தோற்கடித்த லொரெத்தோ, குவாதலூப்பே கோட்டைகளும் ஊர் மையத்திலிருந்து தள்ளி மேட்டில் இருக்கின்றன. அதையும் இந்த முறை விடுங்கள்.

வேலைக்காகச் சில வருடம் அங்கே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பழைய நகர மையமே ஒரு நாளுக்குத் தாராளம். 1531இல் கட்டம் போட்டு அமைத்த ஊர் என்பதால் வழி தவறவே முடியாது. ஊர் நடுவிலுள்ள சோகலோ சதுக்கத்துக்கு வடக்கே கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களுக்கு இரட்டைப்படை எண், தெற்கே ஒற்றைப்படை. பெயரோடு ஓரியந்தே என்று இருந்தால் கிழக்குப் பக்கம், போனியந்தே என்றால் மேற்கு. இது பிடிபட்டுவிட்டால் வரைபடமே தேவையில்லை.

அப்பா படியேற வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பலாஃபோக்சியானா நூலகம். கதீட்ரலுக்குத் தெற்கே, 5 ஓரியந்தே தெருவில், மாடியில் இருக்கிறது. கால் களைக்கும் முன் அங்கே போய்விடுங்கள். 1646இல் ஆயர் ஹுவான் தே பலாஃபோக்ஸ் தன்னுடைய 5,000 புத்தகங்களைக் கொடுத்து ஆரம்பித்து வைத்தார். பாதிரிமார் மட்டும் என்றில்லை, படிக்கத் தெரிந்த யாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. எனக்கு அந்த ஊரிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். இன்று 45,000க்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. நீண்ட கூடத்தின் இரு பக்கமும் செதுக்கிய மர அலமாரிகள் மூன்று அடுக்காக உயர்ந்து நிற்கும். முதல் இரண்டு அடுக்கும் 18ஆம் நூற்றாண்டு, மூன்றாவது பிறகு ஏற்றியது. புத்தகங்களின் முதுகில் தோல் பழுப்பாகி, கையால் எழுதிய தலைப்புகள் மங்கிப்போயிருக்கும். நடுவில் வைத்திருக்கும் சுழலும் படிப்புச் சக்கரத்தைப் பாருங்கள், கனமான பல புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே மாற்றி மாற்றிப் படிக்கச் செய்தது. அப்பா வாசிக்கிறவர் என்றால் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் சதுக்கத்தைக் கடந்து வடக்கே சாந்தோ தொமிங்கோ கோவிலுக்கு நடங்கள். நேரே உள்ளே போய் இடது கைப்பக்கம் திரும்பினால் ரொசாரியோ சிற்றாலயம், 1690இல் முடித்தது. சுண்ணச் சிற்பத்தின் மேல் தங்கத்தகடு. கொடிகளும் இலைகளும் தேவதை முகங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கூரை வரை ஏறுகின்றன, கையகல இடம்கூட வெறுமையாக இல்லை. வாசலிலிருந்தே படம் எடுத்துவிட்டுத் திரும்பும் கூட்டத்தோடு போகாமல், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தலையை நிமிர்த்திக் குவிமாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் பழகப் பழகத்தான் ஒவ்வொரு உருவமாகத் தெரியவரும்.

கதீட்ரலுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, போகும் வழியில்தானே இருக்கிறது. மதியத்துக்கு மேல் சாப்போஸ் சந்துக்குப் போங்கள். ஞாயிறு என்றால் பழம்பொருள் கடைகள் தெருவிலேயே விரிந்திருக்கும். தலவேரா பீங்கான் வாங்கினால் திருப்பிப் பாருங்கள், அடியில் பட்டறைப் பெயர் இருக்க வேண்டும்.

பச்சைமிளகாய்:
அம்மாவுக்காக ஒரு எச்சரிக்கை. மோலே பொப்லானோவில் மிளகாய், எள், கொட்டை, சாக்லேட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதைக் கரைப்பது பெரும்பாலும் கோழிச் சாறில். பீன்ஸ் மசியலிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். "சின் மந்தேகா, சின் கார்னே, சின் போயோ" (கொழுப்பு, இறைச்சி, கோழி இல்லாமல்) என்று கேட்டே வாங்குங்கள். பூசணிப்பூ கெசடியாவை (மடித்த சோள ரொட்டி) எண்ணெயில் பொரிக்காமல் தோசைக்கல் மாதிரியான கோமாலில் சுட்டுத் தரச் சொல்லலாம். எள் தூவிய செமிதா பன்னில் அவகாடோ, பாலாடைக்கட்டி மட்டும் வைத்துத் தருவார்கள். இனிப்புக்கு 6 ஓரியந்தே தெரு. தாளில் சுற்றிய காமோத்தே, சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்தது, பல் இல்லாதவர்கூடச் சாப்பிடலாம்.

கடலோரம்:
நூலகத்துக்கும் சாப்போஸுக்கும் நடுவே, 4 சூர் என்ற தெருவின் முனையில் உள்ள இயேசு சபைக் கோவிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தரீனா தே சான் ஹுவான் என்ற பெண் அடக்கமானது அங்கேதான். இந்தியாவில் பிறந்தவர். போர்த்துகீசியரிடம் சிறுமியாகச் சிக்கி, கொச்சி, மணிலா வழியாக அடிமையாகப் புவெப்லாவில் வந்து சேர்ந்தார். 1688இல் அவர் இறந்தபோது ஊரே அவரைப் புனிதராக மதித்தது. பிறகு மதவிசாரணை மன்றம் அவர் படங்களை வைத்து வணங்கக் கூடாதென்று தடை போட்டது. 'சீனா பொப்லானா' என்ற மெக்சிகோப் பெண்களின் பாரம்பரிய உடையை அவரோடு சேர்த்துச் சொல்வார்கள். அது 19ஆம் நூற்றாண்டு உடை, இவருக்கும் அதற்கும் தொடர்பு என்பது பின்னால் வந்த கதை. அவர் பட்ட பாடு கதை இல்லை.

ஊர்க்குருவி:
இந்தப் பெண்ணைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். கட்டாயம் போவோம். ஞாயிறு பூசை நேரத்தில் கோவில்களுக்குள் விடுவார்களா?

பழையதெரு:
உள்ளே போகலாம், ஆனால் பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க நடமாடுவது முறையில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருங்கள், முடிந்ததும் அடுத்த பூசைக்குள் இடைவெளி கிடைக்கும். தொப்பியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஊர் 2,100 மீட்டருக்கு மேல் உயரம், வெயில் சுள்ளென்று அடிக்கும், அதனால் வெளியே வந்ததும் போட்டுக்கொள்ளட்டும்.

பஸ்ஸுக்கு மெக்சிகோ சிட்டியில் தாப்போ நிலையம், புவெப்லாவில் இறங்குவது காப்பு நிலையம், சுமார் இரண்டு மணி நேரம். காப்புவிலிருந்து மையத்துக்கு நடக்க முடியாது, நிலையத்துக்குள்ளேயே டாக்ஸிச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஞாயிறு மாலை தலைநகருக்குத் திரும்பும் கூட்டம் அதிகம், திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.