வெள்ளை இறகுகள் வெளுத்துப்போகாமல் படம் எடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேடந்தாங்கலில் எடுத்த மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். 70-300 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கி.

முதல் படத்தில் மஞ்சள் மூக்கு நாரை மரத்தில் அமர்ந்திருக்கிறது. பின்னால் அடர்ந்த இலைகள். கேமரா காட்சி முழுவதையும் சராசரி பார்த்து, இருட்டு என்று முடிவு கட்டி வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. விளைவு, நாரையின் கழுத்து சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகிறது. ஓர் இறகுகூடப் பிரிந்து தெரியவில்லை. வால் பக்கத்து இளஞ்சிவப்பு இறகுகளோ அவ்வளவு அழகாகப் பதிந்திருக்கின்றன! அதனால்தான் இந்தப் படத்தை ஒதுக்க மனம் வரவில்லை.

எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) ஒரு படி குறைத்தால் அமர்ந்த பறவைக்குச் சரியாகிறது. அதே நாரை எழும்பி வெளிறிய வானத்துக்குப் போனதும் உடல் கறுத்துவிடுகிறது. இரண்டாவது படம் அதுதான். பறக்கும் நொடியில் அளவை மாற்ற நேரம் ஏது? ஐஎஸ்ஓவையும் சேர்த்து எல்லாவற்றையும் மேனுவலில் (நானே கையால் அமைக்கும் முறையில்) வைத்து, வெள்ளை இறகுக்கு மட்டும் வெளிச்ச அளவு பார்த்துவிட்டு, வானம் எப்படி வந்தாலும் வரட்டும் என்று விடலாமா? மேகம் வந்து போகும் நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பறவைகளைத் தொடர்ந்து எடுப்பவர்கள் அவசியம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தண்ணீரில் இறங்கும் கூழைக்கடா. வலச் சிறகின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. கால்கள் நீரைக் கிழிக்கும் அந்தத் தெறிப்புக்காக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். உங்களுக்கு எப்படிப் படுகிறது? குறைகளைத் தயங்காமல் எழுதுங்கள்.