15 அங்குலம் இல்லாவிட்டால் பேஸ் இல்லை என்பவருக்கு ஒரு மறுப்பு

தகடூர் நாற்கம்பி:
தேவாலயம், கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, ஓசூர் ஓட்டல் என்று யார் அழைத்தாலும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பேஸ் கிட்டார் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) எது என்று கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ‘ஓசூர் அடிநாதம்’ எழுதிய பதில் முழுவதும் இதுதான்: “10 அங்குல ஸ்பீக்கரில் தாழ் ஈ வராது. 15 வாங்கு. வேறு பேச்சில்லை.” நான்கு கம்பி பேஸின் மிகக் கீழான சுரம்தான் தாழ் ஈ. இப்படித் தீர்ப்பெழுதும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் வால்வு ஆம்ப்பாக (ஒலியின் வலுவைக் கூட்டும் கருவி) எஸ்.வி.டி. என்ற மாதிரியை வெளியிட்டபோது, அதனுடன் வந்த பெட்டியில் இருந்தவை எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மருந்துக்குக்கூட ஒரு 15 கிடையாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பெட்டியின் முன்னால் நின்று வாசித்தவர்கள் எல்லோரும் தாழ் ஈ இல்லாமலேயே கச்சேரியை முடித்துவிட்டுப் போனார்களா என்பதை அடிநாதம் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஓசூர் அடிநாதம்:
நாற்கம்பியார் வழக்கம்போல் வரலாற்று வகுப்பைத் தொடங்கிவிட்டார். நான் பேசியது இயற்பியல். நான்கு கம்பி பேஸின் தாழ் ஈ 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அவர் தலையில் வைத்துக் கொண்டாடும் அதே எட்டு ஸ்பீக்கர் வகையைச் சேர்ந்த ஆம்பெக் 810ஈ பெட்டியின் விவரத்தாளை அவர் ஒருமுறையாவது படித்திருந்தால், 58 ஹெர்ட்சிலேயே ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது என்றும், 40 ஹெர்ட்சுக்கு வரும்போது 10 டெசிபல் விழுந்துவிடுகிறது என்றும் அதில் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பார். எட்டு ஸ்பீக்கர் போட்ட பெட்டிக்கே இதுதான் கதி என்றால், தம்பி வாங்கப்போகும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் 41 எங்கிருந்து வரும்? 10-இல் தாழ் ஈ வராது என்று நான் எழுதியது அப்படியே நிற்கிறது.

தகடூர் நாற்கம்பி:
அந்த விவரத்தாளைச் சபையில் வைத்ததற்கு நன்றி. அது என் பக்கத்துச் சாட்சி. 40 ஹெர்ட்சில் 10 டெசிபல் குறையும் ஒரு பெட்டியைத்தான் உலகம் முழுவதும் இடி முழக்கம் என்று சொல்கிறார்கள். காரணம் எளிது. பேஸ் கம்பியைத் தட்டும்போது எழுவது 41 மட்டும் அன்று. அதன் இரட்டிப்பான 82, அதற்கு மேல் 123 என்று அடுக்கடுக்காக மேல்சுரங்கள் எழுகின்றன. தாழ் ஈயில் பல நேரங்களில் அந்த 82-தான் 41-ஐ விட வலுவாக இருக்கும். மேல்சுரங்கள் ஒழுங்காக வந்தால், அடியில் இருப்பது குறைந்தாலும் நம் காது அதே சுரத்தைத்தான் கேட்கிறது. கைப்பேசியின் துளி ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டாலும் பேஸ் எந்தச் சுரத்தில் போகிறது என்று நமக்குப் புரிவது இதனால்தான்.

மேலும், அங்குலம் அங்குலம் என்று தாண்டவமாடுகிறவர் பரப்பளவைக் கணக்கிட மறந்துவிட்டார். ஒரு 10 அங்குலக் கூம்பின் பயனுள்ள பரப்பு ஏறத்தாழ 350 சதுர சென்டிமீட்டர். 15 அங்குலத்துக்கு ஏறத்தாழ 850. நான்கு 10 சேர்ந்தால் 1,400. ஒற்றை 15-ஐ விட எது அதிகக் காற்றைத் தள்ளும் என்று தம்பியே கூட்டிப் பார்க்கட்டும். கூம்பு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் நகரும், பெட்டிக்குள் எத்தனை லிட்டர் இடம் இருக்கிறது, பெட்டியில் காற்று வந்துபோகும் துவாரம் எந்த ஹெர்ட்சுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்பவையெல்லாம் சேர்ந்துதான் ஒலி எவ்வளவு கீழே இறங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. முன்பலகையில் வெட்டிய ஓட்டையின் அளவு மட்டும் அன்று.

ஓசூர் அடிநாதம்:
ஆக, 41 வராது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

தகடூர் நாற்கம்பி:
குறைவாக வரும் என்றேன். வராது என்று எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படிக்கவும்.

பாலக்கோடு ஒலிபெருக்கி:
நான் பேஸ் வாசிப்பவன் அல்லன். திருவிழாக்களுக்கு ஒலி அமைப்பவன். ‘வரும்’ என்றால் எத்தனை டெசிபல் குறைந்தால் வரும், எத்தனை குறைந்தால் வராது என்று இருவரும் முதலில் ஓர் அளவை ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். அது போகட்டும். திறந்தவெளித் திருவிழாவில் உங்கள் பெட்டி ஒலிப்பது உங்களுக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் மட்டுமே. கூட்டத்துக்குப் போவது டி.ஐ. பாக்ஸ் (பேஸை நேராக மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) வழியாக என் மிக்சருக்கு வந்து, என் சப் ஊஃபரில் (கீழ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வெளியேறுகிற ஒலி. எங்கள் பக்கத்து மேடைகள் எப்படிப்பட்டவை என்பதும் உங்களுக்குத் தெரியும்: இரும்புக் கால்களின் மேல் பலகையை அடுக்கி, அதன்மேல் பச்சைக் கம்பளம் விரித்திருப்பார்கள். அதில் 15 அங்குலப் பெட்டியை நேராக வைத்து ஏதோ ஒரு சுரத்தைப் பிடித்தால், பலகையே மத்தளமாகிப் பாடகரின் மைக் ஸ்டாண்டு வரைக்கும் நடுங்கும். மைக் அந்த நடுக்கத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பும். பெட்டிக்கு அடியில் தடித்த ஃபோம் பலகை ஒன்றைப் போட்டுவிட்டு, கீழ் ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்டால், என்னை இசை விரோதியாகப் பார்க்கிறார்கள்.

ஓசூர் அடிநாதம்:
ஒலிபெருக்கி அண்ணன் சொன்னதைக் கவனியுங்கள். 15 வைத்தால் மேடை நடுங்குகிறதாம். 10 வைத்தால் நடுங்கும் என்று அவர் சொல்லவில்லையே! 41 எதில் வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாலக்கோடு ஒலிபெருக்கி:
நான் சொன்னது அதுவன்று. மேடை நடுங்குவது பெரும்பாலும் 41-க்கு வெகு மேலே, பலகையின் சொந்த அதிர்வெண்ணில்.

தகடூர் நாற்கம்பி:
அவருக்கு விளக்கிப் பயனில்லை, அண்ணா. தம்பிக்காக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் இருக்கும், எட்டு ஓம் (மின்தடையின் அளவு) கொண்ட பெட்டிகள் இரண்டை வாங்குங்கள். எடை குறைந்த நியோடிமியம் காந்தம் போட்டதாக இருந்தால் ஒரு கையால் தூக்கிவிடலாம். தேவாலயத்துக்கும் ஓட்டலுக்கும் ஒன்று போதும். மண்டபத்துக்கு இரண்டையும் எடுத்துச் சென்று, ஸ்பீக்கர்கள் நான்கும் ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாக வருமாறு அடுக்குங்கள். பக்கத்தில் பக்கமாக வைத்தால் இடப்புறம் நிற்பவருக்கு ஒரு ஒலியும் வலப்புறம் நிற்பவருக்கு வேறொரு ஒலியும் கேட்கும். செங்குத்தாக அடுக்கினால் மேல் ஸ்பீக்கர் உங்கள் காதுக்கு நேராக வரும், பக்கவாட்டிலும் ஒலி ஒரே சீராகப் பரவும். இரண்டு எட்டு ஓம் பெட்டிகள் இணையாகச் சேர்ந்தால் ஆம்ப்புக்கு நான்கு ஓம் ஆகத் தெரியும். பெரும்பாலான ஆம்ப்புகள் தம் முழு வாட்டையும் தருவது அங்கேதான்.

மண்டபங்களில் இன்னொன்றையும் பாருங்கள். பெட்டியின் முகம் பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி முன்னால் போகும் ஒலியோடு மோதி 85 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளத்தை உண்டாக்கும். தாழ் ஈயின் 82 சரியாக அந்தப் பள்ளத்தில் போய் விழும். “பெட்டி சரியில்லை, ஈ வரவில்லை” என்று புலம்புகிறவர்கள் பெட்டியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திப் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது. பெயர் சொல்ல விரும்பவில்லை.

அரூர் ஐந்துகம்பி:
நாற்கம்பி ஐயா, நான்கு ஓம் பெட்டிகளாகவே இரண்டு வாங்கினால் இன்னும் அதிக வாட் கிடைக்குமே? தவிர, என் ஐந்து கம்பி பேஸின் மிகக் கீழான சுரமான தாழ் பி 31 ஹெர்ட்ஸ். நீங்கள் எல்லோரும் 41-க்கே இவ்வளவு மூச்சு வாங்குகிறீர்கள்.

தகடூர் நாற்கம்பி:
இரண்டு நான்கு ஓம் சேர்ந்தால் இரண்டு ஓம். பல ஆம்ப்புகள் அதற்கு ஆயத்தமாக இல்லை. பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும், அல்லது புகை வரும். ஆம்ப்பின் பின்புறம் ஸ்பீக்கர் துவாரத்துக்குப் பக்கத்தில் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று எழுதியிருப்பதை வாங்குவதற்கு முன் படியுங்கள். 31 ஹெர்ட்சைப் பற்றித் தனியாகப் பேசலாம். இங்கே கேள்வி 41.

கிருஷ்ணகிரித் தம்பி:
அண்ணன்மார்களே, கேள்வி கேட்டவன் நான்தான். என்னிடம் வண்டி கிடையாது. ஷேர் ஆட்டோவிலும் குழுவின் வேனிலும்தான் போக வேண்டும். ஒரே ஒரு 12 அங்குலப் பெட்டியோடு தொடங்கி, பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாமா?

ஓசூர் அடிநாதம்:
12 என்பது இரண்டும் கெட்டான், தம்பி. நாற்கம்பியார் சொல்வதைக் கேட்டு நான்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் 41 வராது. அவர் தூக்கிக்கொண்டு திரியும் சிறிய பெட்டிகளின் தரம் எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் ஒரு திருவிழாவுக்கு என் 15 அங்குலப் பெட்டியை இரவல் வாங்கிச் சென்றவர் அவர்தான். 10 போதும் என்றால் இரவல் எதற்கு? திரும்பி வந்தபோது முன்கம்பி வலையில் ஒரு குழி, ஒரு மூலைக் காப்பு காணவில்லை. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை இல்லை.

தகடூர் நாற்கம்பி:
இரவல் வாங்கியது உண்மை. அன்று என் பெட்டிகள் வேறொரு கச்சேரியில் இருந்தன. அந்தக் குழி முன்பே இருந்தது. வேனில் ஏற்றும்போது உடன் இருந்த கீபோர்டுக்காரர் சாட்சி. நீங்கள் கொடுத்தனுப்பிய வயர் என்ன வயர் என்பதையும் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்குப் போட வேண்டிய தடித்த இருகம்பி வயருக்குப் பதிலாக, கிட்டாருக்குப் போடும் மெல்லிய உறைக்கம்பி வயரைப் பையில் வைத்திருந்தீர்கள். அதை அப்படியே மாட்டியிருந்தால், இரண்டாவது பாட்டுக்குள் வயர் சூடேறி ஆம்ப் போயிருக்கும். 15-இன் பெருமையைப் பேசுகிறவருக்கு ஸ்பீக்கர் வயர் எது என்று தெரியவில்லை.

தம்பி, 12 நல்ல யோசனை. எட்டு ஓம் என்று பார்த்து வாங்குங்கள், பின்னால் அதே மாதிரியில் இன்னொன்றைச் சேர்க்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், ஆழமாக இறங்க வேண்டும், கொஞ்சம் வாட்டிலேயே உரக்க ஒலிக்க வேண்டும் என்று மூன்றையும் கேட்டால் இரண்டுதான் கிடைக்கும். இதை ஹாஃப்மன் விதி என்பார்கள். அடிநாதத்தின் 15-க்கும் அதே விதிதான். சின்னப் பெட்டிக்குள் திணித்த 15 எதுவும் 41-இல் கர்ஜிக்காது.

ஓசூர் அடிநாதம்:
வயர் கதை இப்போது புதிதாக முளைத்திருக்கிறது. விவரத்தாளில் 40 ஹெர்ட்சில் 10 டெசிபல் குறைவு என்று இருக்கிறதா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வேண்டும்.

தகடூர் நாற்கம்பி:
இருக்கிறது. அதனால் என்ன என்று நான் எழுதியதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் 15-ஐக் கொண்டு வாருங்கள், என் 10-களை வைக்கிறேன். ஒரே ஆம்ப், ஒரே பேஸ், ஒரே சுவர். தம்பி கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கட்டும். தருமபுரியில் இடம் நான் பார்க்கிறேன்.

ஓசூர் அடிநாதம்:
உங்களுக்குப் பழக்கமான மண்டபத்தில், நீங்கள் வைக்கும் சுவரோரத்தில் நான் எதற்கு வர வேண்டும்? ஓசூருக்கு வாருங்கள்.

பாலக்கோடு ஒலிபெருக்கி:
இரண்டுக்கும் நடுவில் பாலக்கோடு இருக்கிறது. என்னிடம் அளக்கும் மைக்கும் இருக்கிறது.

ஓசூர் அடிநாதம்:
அளக்கும் மைக்கை யார் பிடிப்பது என்று முதலில் முடிவாகட்டும். அதற்குமுன் மூலைக் காப்புக்கான பணம் வந்து சேர வேண்டும்.